மார்க் 4 அம்பாசிடர்ல இரும்பு பம்பரை எடுத்துட்டு கிராண்ட் பிளாஸ்டிக் பம்பர் போடலாமா?

கோபி_மார்க்4:

வணக்கம்ங்க. நம்மகிட்ட 1989 மாடல் அம்பாசிடர் மார்க் 4 டீசல் ஒண்ணு இருக்குது, அந்த 1489 சிசி இன்ஜின் வண்டி. ஓட்டம் இன்னும் நல்லாத்தான் இருக்கு, பாடியும் அடியில ஓட்டை விழுந்த எடமெல்லாம் தகடு வெச்சு வெல்டிங் பண்ணியாச்சு. இப்ப பிரச்சனை பம்பர். முன் பம்பர் இடது பக்கம் உள்ள மடங்கி மட்கார்டை தொட்டுட்டு நிக்குது, குரோம் பாதி உரிஞ்சு போச்சு. பின் பம்பர் வெளிய பார்க்க பரவால்ல, ஆனா அடியில கைய விட்டு தடவுனா துரு செதில் செதிலா கையோட வருது.

ரீகுரோம் பண்ண விசாரிச்சேன், ரெண்டும் சேர்த்து 18 ஆயிரம் கேக்குறாங்க, அதுலயும் துரு தின்ன எடத்துக்கு கேரண்டி கிடையாதுன்னு முன்கூட்டியே சொல்லிட்டாங்க. கோயமுத்தூர் உக்கடத்துல ஒரு கடையில அம்பாசிடர் கிராண்ட்ல இருந்து கழட்டுன பிளாஸ்டிக் பம்பர் முன்னாடி பின்னாடி ரெண்டும் கெடக்குது, பேசுனா 5 ஆயிரத்துக்கு குடுத்துருவாரு போல. அதை வாங்கி வண்டி கலர்லயே பெயிண்ட் அடிச்சு மாட்டிடலாம்னு ஒரு யோசனை.

மார்க் 4ல அது அப்படியே உக்காருமா இல்ல வெட்டி ஒட்டணுமா, ஆர்சி ரினிவல் வேற வருது அப்ப பிரேக் இன்ஸ்பெக்டர் ஏதாவது சொல்லுவாரா, அப்புறம் முக்கியமா எங்கயாச்சும் இடிச்சா இரும்பு அளவுக்கு தாங்குமா, இதுதான் கேள்வி. அப்பா வேற பம்பரை எடுத்தீன்னா வண்டியையும் சேத்து வித்துருன்னு சொல்லிட்டு இருக்காரு, அவருக்கும் ஏதாவது ஒரு பதில் சொல்லணும். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.


வெள்ளை_அம்பி_மதுரை:

அப்பா சொல்றதுதான் சரிண்ணே. அம்பாசிடருக்கு அழகே அந்த பளபள பம்பரும் அது மேல நிக்கிற ரெண்டு கொம்பும்தான். பிளாஸ்டிக் மாட்டுனா வண்டி மூஞ்சியே மாறிப்போகும், கல்யாணத்துக்கு கேட்டு வர்றவன் கூட வரமாட்டான் பாத்துக்கங்க.


ஸ்பானர்_சரவணம்பட்டி:

பொருந்துமான்னு கேட்டதுக்கு முதல்ல சொல்லிடறேனுங்க. நான் டிங்கரிங் பட்டறை வெச்சிருக்கேன், அம்பாசிடர் இப்பவும் மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு வரும். கிராண்ட் 2003ல வந்துச்சு, பாடி அடிப்படையில அதே பழைய பாடிதான், அதனால அகலம் நீளம்னு பெருசா வித்தியாசம் இருக்காது. ஆனா பொருத்தறப்ப கதையே பிராக்கெட்லதான். மார்க் 4ல இரும்பு பம்பரு நேரா ரெண்டு பட்டை பிராக்கெட்ல போல்ட் ஆகி, அந்த பிராக்கெட்டு முன்னாடி நீட்டிட்டு இருக்கற சேஸ் காலுல போய் பிடிக்கும். பம்பரே கனமான தகடுங்கறதால அதுக்கு வேற சப்போர்ட் தேவையில்ல. பிளாஸ்டிக் அப்படி இல்லீங்க, நடுவுல பிடிக்கணும், ரெண்டு ஓரத்துலயும் மட்கார்டோட பிடிக்கணும், பின்னாடி ஒரு இரும்பு தாங்கல் இருக்கணும். உக்கடத்துல கெடக்கறது வெறும் பிளாஸ்டிக் மட்டும்தானா இல்ல அதோட பிராக்கெட்டு, கிளிப்பு, உள்ள இருக்கற இரும்பு எல்லாம் சேர்த்து இருக்குதான்னு முதல்ல பாருங்க. இல்லைன்னா 5 ஆயிரத்துக்கு நீங்க வாங்கறது பம்பரே இல்ல, முகமூடி.

இப்ப வர்ற எந்த புது காரை வேணாலும் எடுத்துக்குங்க, வெளிய தெரியற பிளாஸ்டிக் வெறும் தோலு. அதுக்கு உள்ள ஒரு ஃபோம், அதுக்கும் உள்ள சேஸ்ல போல்ட் பண்ணுன இரும்பு பீம், இந்த மூணும் சேர்ந்ததுதான் பம்பர். மெதுவா இடிச்சா தோலு அமுங்கி திரும்ப வரும், ஃபோம் கொஞ்சம் வாங்கிக்கும், அதுக்கு மேல போனா பீம் தாங்கும். சில வண்டில செலவ கொறைக்க பின்னாடி பீமே வெக்கறது இல்ல, அது வேற கதை. நீங்க பழைய இரும்ப மொத்தமா கழட்டி வீசிட்டு தோலை மட்டும் நாலு ஸ்க்ரூல தொங்க விட்டீங்கன்னா பார்க்கிங்ல ஒரு டூவீலர் இடிச்சா கூட கிரில்லு, பார்க்கிங் லைட்டு எல்லாம் போகும், கொஞ்சம் வேகமா இடிச்சா ரேடியேட்டர் வரைக்கும் போகும்.

அதனால மாத்தறதா இருந்தா நான் பண்ற முறை இது. பழைய பிராக்கெட்டை அப்படியே வெச்சுக்குவேன், அது ரெண்டுக்கும் குறுக்கால ஒரு சதுர இரும்பு பைப்பு போட்டு போல்ட் பண்ணிருவேன், வெல்டிங் வேண்டாம், நாளைக்கு கழட்டணும்னா போல்ட்டுதான் சவுகரியம். அந்த பைப்புக்கு ரெட் ஆக்சைடு அடிச்சு மேல கருப்பு பெயிண்ட். பைப்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவுல கெட்டி ஃபோமோ ரப்பரோ வெச்சு அதுக்கு மேல பிளாஸ்டிக்க உக்கார வெச்சு பார்ப்பேன். கண்ணாடிக்கு பின்னாடி இருந்து பார்த்தா பானெட்டுக்கு சமமா நிக்குதா, ரெண்டு பக்கமும் டயருக்கு எடம் இருக்கா, ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சு பார்த்தா எங்கயும் உரசாம இருக்கா, இதெல்லாம் பார்த்துட்டுதான் ஓட்டை போடறது.

ஓட்டை விஷயத்துல ஒண்ணு சொல்லணும், பாதி பேரு இங்கதான் தப்பு பண்றாங்க. பிளாஸ்டிக்கு வெயிலுக்கு நீளும். ஒன்றரை மீட்டர் நீளம் இருக்கற பிளாஸ்டிக் 30 டிகிரி சூடு ஏறுனா 4, 5 மில்லிமீட்டர் வரைக்கும் நீளும், அதே நீளத்துக்கு இரும்பு அரை மில்லிமீட்டர்தான். வட்டமா ஓட்டை போட்டு போல்ட்டை இறுக்கி வெச்சீங்கன்னா சித்திரை வெயில்ல நிறுத்துன வண்டில பம்பரு நடுவுல வளைஞ்சு வெளிய பிதுங்கும் இல்லைன்னா ஓட்டை ஓரத்துல விரிசல் விடும். நடுவுல மட்டும் வட்ட ஓட்டை, ரெண்டு ஓரத்துலயும் நீள ஓட்டை, பெரிய வாஷரு, நடுவுல ரப்பர் வாஷரு, நைலாக் நட்டு, அதாவது உள்ள நைலான் வளையம் இருக்கற, தானா கழலாத நட்டு. இறுக்கவும் இறுக்கணும் நகரவும் விடணும்.

பழைய பம்பரு போல்ட்டு சும்மா கழண்டு வராதுங்க. முப்பது முப்பத்தஞ்சு வருஷ துரு. கழட்டறதுக்கு ஒரு வாரம் முன்னாடி இருந்தே சாயந்தரம் சாயந்தரம் நட்டு மேல டீசல் ஊத்தி விடுங்க, அப்படியும் வரலைன்னா சூடு காட்டி எடுக்கலாம், அதுக்கும் வரலைன்னா வெட்டிட்டு புது போல்ட்டு. பிராக்கெட்ட மட்டும் முறுக்கி ஒடிச்சுராதீங்க, அது புதுசா கெடைக்காது.


பெயிண்டர்_நாமக்கல்:

ஸ்பானர் அண்ணன் சொன்னதோட பெயிண்ட் விஷயமும் சேத்துக்கிறேன். வாங்குறதுக்கு முன்னாடி பம்பர் உள்பக்கம் பாருங்க, அம்புக்குறி மாதிரி ரெண்டு கோட்டுக்கு நடுவுல பிபி அல்லது ஏபிஎஸ்னு எழுத்து அச்சு விழுந்திருக்கும், ரெண்டும் பிளாஸ்டிக் வகை. எழுத்து இல்லைன்னா ஓரத்துல சின்ன துண்டு சீவி தண்ணில போட்டு பாருங்க, பிபின்னா மிதக்கும், ஏபிஎஸ் மூழ்கிரும். இதை ஏன் சொல்றேன்னா பிபி மேல சும்மா பிரைமர் அடிச்சா பெயிண்ட் பிடிக்கவே பிடிக்காது, மூணு மாசத்துல நகத்தால கீறுனா தோலு தோலா உரியும். பிபிக்கு தனியா ஒட்டு பிரைமர் வரும், ஒரே ஒரு கோட், மெல்லிசா அடிக்கணும், அது காயுறதுக்குள்ள அடுத்தது. மேல அடிக்கிற பியூ (பாலியூரித்தேன்) பெயிண்ட்லயும் வளையுறதுக்கு ஒரு மருந்து கலக்கணும் இல்லைன்னா பம்பர் அமுங்கி திரும்பும்போது பெயிண்ட் கோடு கோடா வெடிக்கும். பட்டி பூசுறதா இருந்தா பிளாஸ்டிக் பட்டின்னே கேட்டு வாங்குங்க, தகடுக்கு பூசுற பட்டி வேண்டாம்.

கலர் மேட்ச் பத்தி முன்னாடியே சொல்லிடறேன், 89 வண்டியோட பெயிண்ட் இப்ப இருக்குற நிறம் வேற, டப்பால வர்ற நிறம் வேற. பானெட்டோட ஒட்டி நிக்கிற பம்பர்ல அந்த வித்தியாசம் பளிச்னு தெரியும். வெள்ளை வண்டின்னா இன்னும் மோசம். கருப்பா விட்டுடலாம்னா அதுலயும் தொல்லை, கருப்பு பிளாஸ்டிக் வெயில்ல நரைச்சுப்போகும்.


ஆர்டிஓ_விவரம்:

நான் இன்ஸூரன்ஸ் சம்பந்தப்பட்ட வேலையில இருக்கேன், சட்ட விஷயத்துக்கு மட்டும் பதில் போடுறேன்.

மோட்டார் வாகன சட்டம் பிரிவு 52 படி ஆர்சில இருக்குற விவரம், கம்பெனி முதல்ல குடுத்த அமைப்புக்கு மாறாகுற மாதிரி வண்டிய மாத்தக்கூடாது. அதே பிரிவுக்கு கீழ விளக்கம் ஒண்ணு இருக்கு, வண்டியோட அடிப்படை அம்சமே மாறுற அளவுக்கு கட்டமைப்ப மாத்துறதுதான் மாற்றம்னு. 2019 ஜனவரில கேரளா கேஸ் ஒண்ணுல சுப்ரீம் கோர்ட் கம்பெனி அமைப்புல இருந்து மாத்தக்கூடாதுன்னு கறாரா சொல்லிருச்சு. அதே வருஷம் சட்டத் திருத்தத்துல 182ஏ (4)னு ஒண்ணு வந்துச்சு, அனுமதி இல்லாம மாத்துன ஓனருக்கு ஒரு மாற்றத்துக்கு 5000 ரூபா அபராதம் இல்லைன்னா 6 மாசம் வரை ஜெயில், ரெண்டும் சேர்த்தும் போடலாம்.

பயப்படுற மாதிரி இருக்கேன்னு பாக்காதீங்க. பம்பர் எந்த பொருள்னு ஆர்சில எழுத மாட்டாங்க. அதே கம்பெனி, அதே வண்டி வரிசையில பின்னாடி வந்த பம்பர், கூர்மையா எதுவும் நீட்டல, நம்பர் பிளேட் சரியா தெரியுது, லைட் எதையும் மறைக்கலன்னா எஃப்சில, அதாவது ரினிவலுக்கு வண்டிய காட்டுற சோதனையில, பெரும்பாலும் யாரும் நோண்ட மாட்டாங்க. ஆனா அது அந்த பிரேக் இன்ஸ்பெக்டரோட பார்வையப் பொறுத்ததுதான், எழுத்துல யாரும் உறுதி தர முடியாது. உண்மையிலேயே மாட்டுறது எதுன்னா பம்பருக்கு முன்னாடி வைக்கிற கம்பி கார்டு. 2017 டிசம்பர்ல மத்திய போக்குவரத்து அமைச்சகம் எல்லா மாநிலத்துக்கும் கடிதம் போட்டு அதெல்லாம் சட்டவிரோதம்னு சொல்லிருச்சு. உங்க வண்டில அந்த கார்டு இருந்தா எஃப்சிக்கு முன்னாடி அதை முதல்ல கழட்டுங்க.

இன்ஸூரன்ஸ்ல ஒரு வேடிக்கை இருக்கு. கிளெய்ம் வந்தா பிளாஸ்டிக் சாமானுக்கு தேய்மானம் 50 சதவீதம் கழிப்பாங்க. புது வண்டிக்காரங்க இதனாலதான் இரும்பே நல்லதுன்னு பேசுவாங்க. ஆனா 10 வருஷம் தாண்டுன வண்டிக்கு இரும்புக்கும் அதே 50 சதவீதம்தான், அதனால உங்களுக்கு ரெண்டும் ஒண்ணு. ஃபைபருக்கு மட்டும் 30. அதெல்லாம் ஃபுல் கவர் இருந்தாதான், இந்த வயசு வண்டிக்கு தேர்டு பார்ட்டி மட்டும்தான் போட்டிருப்பீங்கன்னு நினைக்கிறேன், அப்ப இந்த கணக்கே வேண்டாம். ஃபுல் கவர் இருந்தா மாத்துனத கம்பெனிக்கு எழுதி குடுத்துருங்க.

இன்னொண்ணு, 2021ல வந்த விண்டேஜ் விதிப்படி 50 வருஷம் தாண்டுன வண்டி அசல் நிலையில இருந்தா தனியா விஏ நம்பர் குடுக்குறாங்க. உங்க வண்டி 2039ல அந்த வயசுக்கு வரும். அதுவரைக்கும் வச்சிருக்குற எண்ணம் இருந்தா பழைய பம்பரை பழைய இரும்புக்கு போட்டுறாதீங்க, மாட்டுனாலும் மாட்டாட்டியும் மாடியில எங்கயாவது கெடக்கட்டும்.


மைலேஜ்_மன்னன்:

பிளாஸ்டிக் போட்டா வெயிட் கொறையும் மைலேஜ் ஏறும் ப்ரோ, அதுக்காகவே மாத்தலாம்.


ஸ்பானர்_சரவணம்பட்டி:

ஏறும் ஏறும். ஒரு டன்னுக்கு மேல எடை இருக்கற வண்டில பம்பரை கொறைச்சு என்னத்த ஏறப்போகுதுங்க. டிக்கில கெடக்கற பழைய ஜாக்கி, ரெண்டு ஸ்டெப்னி, அம்மாவோட அரிசி மூட்டை இதையெல்லாம் எறக்குனா அதை விட கொறையும். காத்து சரியா அடிச்சு, இன்ஜெக்டர ஒரு தடவ செக் பண்ணுங்க, மைலேஜ் அங்கதான் இருக்கு.


ஈழத்துக்கார்_ரொறொன்ரோ:

வணக்கம் தம்பி, நான் கனடாவில இருக்கிறன், என்னட்ட 1986 பிஎம்டபிள்யூ 325ஈ ஒண்டு நிக்குது. இஞ்சயும் இதே கேள்விதான் பழைய காருக்கு ஆக்கள் கேப்பினம், அதால எழுதுறன். அமெரிக்காவில 1973 மாடலில இருந்து ஒரு சட்டம், முன் பம்பர் 5 மைல் வேகத்தில சுவரில முட்டினாலும் லைற்று மாதிரியான பாதுகாப்புச் சாமான் ஒண்டும் பழுதாகக் கூடாது எண்டு. அதுக்காக கார்க் கொம்பனியள் எல்லாம் பெரிய பெரிய பம்பர நீட்டி வைச்சு உள்ளுக்கு ஷாக் அப்சோர்பரும் பூட்டி விட்டவை. என்ர காரிலயும் அப்பிடித்தான், அலுமினியம் பம்பர் முன்னுக்கு பலகை மாதிரி நீட்டிக்கொண்டு நிக்கும். 1982ல அந்த வேகத்த 2.5 மைலாக் குறைச்சிட்டினம். பிறகு 87 கடைசியில பிஎம்டபிள்யூவும் இந்த மாடலுக்கு வடிவான பிளாஸ்ரிக் பம்பர் போட்டுது.

பழையதுக்கு அந்தப் புதுசப் பூட்டலாம் எண்டு கன பேர் வெளிக்கிட்டு இடையில விட்டிட்டினம், ஏனெண்டால் பம்பரோட சேத்து பின் லைற்று, பின்பக்கத் தகடு எல்லாத்தையும் கொம்பனி மாத்திப்போட்டுது. பம்பர மட்டும் வாங்கினால் இடைவெளி வரும். உங்கட அம்பாசிடரிலயும் முன் கிறில்லுக்குக் கீழ இருக்கிற தகடு ரெண்டு மாடலுக்கும் ஒண்டோ எண்டு பாத்திட்டு காசக் குடுங்கோ. மற்றது, அந்த பிளாஸ்ரிக்கைக் கழட்டிப் பாத்தால் உள்ளுக்கு உலோக பீம் இருக்கு. மேல அண்ணை சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

இஞ்ச இப்ப எல்லாரும் மறுபக்கம் போகினம், ஐரோப்பாக் காருக்கு வந்த சின்ன குரோம் பம்பர் கிடைக்காதோ எண்டு தேடி அலையினம்.


வெள்ளை_அம்பி_மதுரை:

பாத்தீங்களா, கனடாவுலயே குரோம்தான் தேடுறாங்க. நான் சொன்னா கேக்க மாட்டீங்க.


கோபி_மார்க்4:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இவ்வளவு விவரம் வரும்னு நினைக்கல. நேத்து உக்கடம் போய் பார்த்துட்டு வந்தேன். ஸ்பானர் அண்ணா சொன்ன மாதிரியே வெறும் பிளாஸ்டிக்தான் கெடக்குது, பிராக்கெட் எங்கன்னு கேட்டா அது அந்த வண்டியோடவே போயிருச்சுன்னு சொல்றாரு. முன் பம்பர்ல கீழ ஒரு விரிசல் வேற இருக்கு, அதை உள்ள பக்கம் எம்சீல் வெச்சு மறைச்சிருக்காங்க. உள்பக்கம் எழுத்து தேடுனேன், அழுக்குல ஒண்ணும் தெரியல. இதுக்கு 5 ஆயிரம் அதிகம்னு தோணுது.

பக்கத்துலயே ஒரு ஃபைபர் கடைக்காரர் உங்க பம்பரையே அச்சா வெச்சு அதே வடிவத்துல ஃபைபர்ல அடிச்சு தர்றேன், குரோம் மாதிரி சில்வர் பெயிண்ட் அடிச்சா அப்பாவுக்கே வித்தியாசம் தெரியாதுன்னு சொல்றாரு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஃபைபர் எப்படி?


படகு_ஃபைபர்_தூத்துக்குடி:

ஃபைபர் என் தொழில், ஆனா நான் கார் பம்பருக்கு வேலை எடுக்குறதில்ல, அதனால நடுநிலையா சொல்லலாம். ஃபைபர்னு சொல்றது கண்ணாடி நார் மேட்டும் ரெசினும் சேர்ந்தது. அச்சு மேல முதல்ல ஜெல்கோட்னு வெளிப்பூச்சு, அப்புறம் மேட் வெச்சு ரெசின் தேச்சு உருட்டி உருட்டி காத்து எடுக்கணும், இப்படி ஒண்ணு மேல ஒண்ணு. எத்தனை அடுக்கு, எவ்வளவு காத்து எடுத்தான்ங்கிறதுதான் தரம், வெளிய பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரி பளபளன்னு இருக்கும். தட்டிப் பாருங்க, எல்லா எடத்துலயும் ஒரே சத்தம் வரணும், டொப்புன்னு ஒரு எடத்துல வந்தா உள்ள காத்து நிக்குதுன்னு அர்த்தம்.

பிளாஸ்டிக்குக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் என்னன்னா பிளாஸ்டிக் அமுங்கி திரும்பி வரும், ஃபைபர் அமுங்காது, தாங்குற வரைக்கும் தாங்கி அப்புறம் நட்சத்திரம் மாதிரி விரிஞ்சு கூரான ஓரத்தோட ஒடையும். மனுஷன் மேல ஆடு மேல பட்டா அந்த கூர் பொல்லாதது. ஆனா ஒடைஞ்சத திரும்ப ஒட்டுறது சுலபம், ரெண்டு அடுக்கு மேட் போட்டா முடிஞ்சுது. அச்சு எடுக்கணும்னா உங்க மடங்கின பம்பரை முதல்ல நேராக்கி பாலிஷ் பண்ணித்தான் அச்சு எடுக்கணும், அப்படி நேராக்கிட்டீங்கன்னா அதையே மாட்டிரலாமே, அதுக்கு எதுக்கு ஃபைபர்?

சில்வர் பெயிண்ட் குரோம் மாதிரி இருக்கும்னு சொன்னா நம்பாதீங்க. அப்பாவுக்கு பத்தடி தள்ளி நின்னாலே தெரிஞ்சிரும்.

இன்னொரு விஷயம் கேக்கணும், டீசல் வண்டி, பேட்டரி டவுன் ஆனா இழுத்து ஸ்டார்ட் பண்ணுவீங்கள்ல? கயிறு எங்க கட்டுவீங்க? இப்ப பம்பர்லயோ பிராக்கெட்லயோ கட்டுறீங்க. ஃபைபர்ல, பிளாஸ்டிக்ல கயிறு கட்டுனா கயிறோட பம்பர்தான் வரும். எது மாட்டுனாலும் சேஸ்ல ஒரு கொக்கி தனியா வெச்சுக்கங்க.


பழைய_பிரீமியர்:

யாரும் சொல்லாத ஒரு வழி சொல்றேன். குரோம் வேணாம், பிளாஸ்டிக்கும் வேணாம், இருக்குற இரும்பையே நேராக்கி பெயிண்ட் அடிங்க. என்னோட பிரீமியர் பத்மினி காருக்கு அப்படித்தான் பண்ணினேன்.

ரீகுரோம் ஏன் 18 ஆயிரம் கேக்குறான், ஏன் கேரண்டி இல்லங்குறான்னு புரிஞ்சுக்கணும். நம்ம கண்ணுக்கு தெரியுற குரோம் ஒரு மைக்ரானுக்கும் கம்மி, வெறும் மினுமினுப்பு. துருவ தடுக்குறது அதுக்கு அடியில இருக்குற நிக்கல். அந்த நிக்கல்ல ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தா போதும், தண்ணி உள்ள போய் இரும்ப தின்னும், அப்புறம் குரோம் தோலோட எழும்பும். சரியா பண்ணனும்னா பழைய முலாம் முழுசா எடுத்து, நெளிவு தட்டி, தேச்சு, செம்பு முலாம், மறுபடி தேச்சு, நிக்கல், அப்புறம் குரோம். தேய்க்கிற கூலிதான் பாதி காசு. துரு குழி விட்ட எடத்துல தேய்க்க தேய்க்க தகடு மெலியும், அதனாலதான் கேரண்டி இல்லங்குறாங்க. பம்பரோட உள்பக்கத்துக்கு முலாம் ஒழுங்கா ஏறாது, அங்க இருந்துதான் திரும்ப துரு ஆரம்பிக்கும், அதனால குரோம் பண்ணி வந்த உடனே உள்பக்கம் பெயிண்ட் அடிச்சுரணும். இதை பிளேட்டிங்காரன் சொல்ல மாட்டான், நாமதான் பாத்துக்கணும்.

பெயிண்ட் அடிக்கிறதா இருந்தா உரிஞ்ச குரோம் மேலயே அடிக்காதீங்க, பிடிக்காது. மணல் வீசுற பட்டறையில குடுத்து சுத்தமா எடுத்து, எப்பாக்ஸி பிரைமர், மேல கருப்போ வண்டி கலரோ. பவுடர் கோட்டிங்காரன்கிட்ட குடுத்தாலும் சரி. ரீகுரோம்ல பாதி கூட ஆகாது. பலம் குறையல, பிராக்கெட் மாத்தல, சட்டமும் ஒண்ணும் சொல்லாது, நாளைக்கு காசு இருந்தா குரோம் பண்ணிக்கலாம்.

பிளாஸ்டிக்கே மட்டம்னு சொல்ல வரல. 1972ல ரெனோ 5ல முதல்ல பிளாஸ்டிக் பம்பர் வந்தப்ப அது அந்த கார் மேலயே யோசிச்சு பண்ணினது. பிளாஸ்டிக் மாட்டுற கார் பிளாஸ்டிக்குக்காக வரைஞ்சதா இருக்கணும். நம்ம வண்டில முன்னாடி நொறுங்கி அடிய வாங்கிக்கிற பகுதின்னு தனியா ஒண்ணும் கிடையாது. அதே சமயம் இரும்பு பம்பர் இருக்கு நமக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நினைக்கிறதும் தப்பு, வேகமா இடிச்சா பம்பர் நெளியாம நின்னாலும் அந்த அடி நேரா பிராக்கெட் வழியா சேஸுக்கும் உள்ள உக்காந்திருக்குறவனுக்கும்தான் வரும். பம்பர்ங்கிறது பார்க்கிங் வேகத்துக்குத்தான். உயிருக்கு சீட் பெல்ட் பாருங்க, 89 வண்டில பின்னாடி இருக்காது, அதுக்கு செலவு பண்ணலாம்.


பெயிண்டர்_நாமக்கல்:

பிரீமியர் அண்ணன் சொன்னது நல்ல வழி. பின் பம்பர்ல மேல லேசா புள்ளி புள்ளியா துரு மட்டும் இருக்குற எடத்துக்கு அலுமினியம் ஃபாயில கசக்கி தண்ணில நனைச்சு தேச்சு பாருங்க, குரோமுக்கு கீறல் விழாம துரு போகும். கம்பி ஸ்க்ரப்பர் போடாதீங்க. போன அப்புறம் மெழுகு பாலிஷ் தடவி விடுங்க. அடியில செதிலா வர்றதுக்கு இது எடுபடாது, அங்க ஊசி வெச்சு குத்திப் பாருங்க, உள்ள போயிருச்சுன்னா தகடு வெட்டி வெச்சு வெல்டிங்தான்.


கோபி_மார்க்4:

சரிங்க, அப்பாகிட்ட பேசுனேன். குரோம் இல்லாம கருப்பு பெயிண்ட்னதும் முதல்ல மூஞ்ச சுளிச்சாரு, அப்புறம் பம்பர் அதேதானேன்னு கேட்டுட்டு சரின்னுட்டாரு. பின் பம்பர்ல ஊசி வெச்சு குத்துனேன், இடது ஓரத்துல ரெண்டு எடத்துல உள்ள போகுது, மத்த எடம் கெட்டியா இருக்கு. முன் பம்பர் நேராக்கி பெயிண்ட், பின் பம்பர் வெல்டிங் பண்ணி பெயிண்ட், கொம்பு நாலும் குரோம் நல்லா இருக்கு அதை அப்படியே பாலிஷ் பண்ணி திரும்ப மாட்டிக்கலாம்னு இருக்கேன். கருப்பு பம்பர் மேல குரோம் கொம்பு நல்லா இருக்குமா?

ஸ்பானர் அண்ணா, நெளிவு எடுக்க உங்க பட்டறைக்கே வரலாமுங்களா? அந்த கனமான தகட தட்டி எடுத்தா கோடு விழாம வருமா?


ஸ்பானர்_சரவணம்பட்டி:

வாங்க வாங்க. தட்டி எடுக்கறதில்லீங்க, கட்டைய அண்டை குடுத்து ஜாக்கி வெச்சு மெதுவா தள்ளி எடுப்போம், கடைசி கொஞ்சம்தான் சுத்தியல். பெயிண்ட் அடிக்கறதால சின்ன கோடு இருந்தாலும் பட்டில மறைஞ்சிரும், குரோம்னா அது முடியாது. கொம்புக்கு அடியில ரப்பர் இருக்குதான்னு பாருங்க, இல்லைன்னா சைக்கிள் டியூப வெட்டி வெச்சுக்கலாம், இல்லாட்டி கொம்பு உக்கார்ற எடத்துல புது பெயிண்ட கீறி அங்கிருந்தே துரு பிடிக்கும். மணல் வீசுறதுக்கு முன்னாடியே நெளிவு எடுத்து வெல்டிங்கும் முடிச்சரணும், அதனால பெயிண்டர்கிட்ட முதல்ல போயிராதீங்க.

அடுத்த வாரம் சனிக்கிழமை காலையில பட்டறை காலியாத்தான் இருக்கும். இன்னைக்கு சாயந்தரத்துல இருந்தே அந்த நட்டுகளுக்கு டீசல் ஊத்த ஆரம்பிச்சிருங்க.


வெள்ளை_அம்பி_மதுரை:

கருப்பு பம்பர்ல குரோம் கொம்பு நல்லாவே இருக்கும்ணே. அந்த உக்கடம் பம்பர் இன்னும் கெடக்குதா? என் மச்சான் கிராண்ட் வச்சிருக்கான், பின்னாடி பம்பர் ஒடைஞ்சு கெடக்கு, கடை எந்த தெருன்னு தனி மெசேஜ்ல சொல்லுங்க.